எழுத்து வராத நாற்பது நொடிகள்

அண்ணே,

நேற்று மதியம் கூரியர்காரர் வந்து போனார். கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் பல்லாலேயே உறையைக் கிழித்தேன். உள்ளே நம் கார்ட்டூன் படத்தின் புதிய பதிப்பு. டப்பாவைத் திறந்ததும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. முதல் தடவை டிவிடி வந்தபோது நீ அதை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, "புதுச் செருப்பு மாதிரி இருக்கு பாப்பா" என்றாய். நேற்று நானும் இழுத்துப் பார்த்தேன். செருப்பு வாசனையேதான்.

அட்டைப் படத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் வெடி வைக்கும் திரிக்காரன் தனியாக நிற்பானே, அந்தப் படத்தை எடுத்துவிட்டு, எல்லாரையும் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை தமிழ் ஒலி சேர்த்திருக்கிறார்கள். தியேட்டரில் தமிழில் ஓட்டிவிட்டு டிவிடியில் தமிழை விட்டுவிட்டார்கள் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன். நீ சிரிப்பாய். உனக்கு எந்த மொழியில் பேசினாலும் ஒன்றுதான். உனக்கு வேண்டியது அடியில் ஓடும் எழுத்து.

உன் காது எப்போது போனது என்று நம் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாம் இரண்டு பேர்தானே. தொலைக்காட்சியின் ஒலியை நீ ஏற்றிக்கொண்டே போனதைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. நீ பார்த்ததோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் பிளாஸ்டிங் வேலை. சங்கு ஊதியதும் ஆட்கள் ஒதுங்க வேண்டும், அதன் பிறகு வெடி. சங்கு கேட்காத ஆள் அங்கே நிற்கவே கூடாது. ஆபீஸில் சொல்லிவிடு என்று நான் கெஞ்சினேன். "நீயா போயி சொன்னீன்னா, அப்புறம் எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றாய். சுரங்கத்தில் செய்யும் அடுத்த காதுச் சோதனைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூருக்கு அந்தப் படம் வந்தது. கார்ட்டூன் பார்க்க இந்த வயதில் தியேட்டருக்கா என்று மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். சண்டை நன்றாக இருக்கும், வசனம் கேட்காவிட்டாலும் புரியும் என்றுதான் உன்னைக் கூட்டிப்போனேன். கோட்டையை இரும்பு ராட்சதர்கள் வளைக்கிறார்கள். பாலத்தைத் தகர்க்கும் வேலை திரிக்காரனுடையது. வெடி வைக்கிறவனைக் கதாநாயகனுக்குச் சமமாக ஒரு படத்தில் நீ பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாய். "இவ்ளோ கரும்புகை வராதுடா" என்று நடுநடுவே இயக்குநருக்குத் திருத்தம் வேறு.

கடைசியில் அவன் திரியைப் பற்ற வைக்கிறான். திரும்பி ஓட நேரமில்லை. அவன் முகம் மட்டும் திரை முழுக்க. உதடு அசைகிறது. அந்த இடத்தில் படத்தின் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பேச்சு இல்லை, இசை இல்லை, நாற்பது நொடி. விசிலடித்த பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். அந்த அமைதியில், காது கேட்காதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் நீ கேட்டாய்:

"எண்ணுறானா பாப்பா?"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்து திரும்பியவர்களில் உன் ஃபோர்மேனும் ஒருவர். உன் வாயைப் பொத்தாத குறையாகக் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் யோசனையோடு உன்னையே பார்த்தார். அதற்குள் பாலம் வெடித்தது, எல்லாத் தலைகளும் திரைப்பக்கம் போயின.

வெளியே டீக்கடையில் என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, அவன் என்ன சொன்னான் என்று விடாமல் கேட்டாய். அங்கே சத்தமே இல்லை, யாருக்குமே கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நம்பியிருக்க மாட்டாய். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாய். அதோடு, அழுதுவிட்டு வந்திருந்தேன், நல்லதாக ஒரு வசனம் இருக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது. உன் காதருகே வாயை வைத்துக் கத்தினேன்.

"'நீ ஓடு, நான் இருக்கேன்'னு சொன்னான்ணே!"

உன் முகம் மலர்ந்தது. "அதான! வெடிக்காரன்னா அப்படித்தான் இருப்பான்" என்றாய். என் வாயால் நானே தேடிக்கொண்ட வினை. மறுநாள் காலையில் ஆபீஸ் பேச்சை எடுத்தேன். டிபன் பாக்ஸை வண்டியில் மாட்டிக்கொண்டே, "நீ ஓடு, நான் இருக்கேன்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாய். அதற்குப் பிறகு தினமும் அதே பதில்தான்.

வாரவிடுமுறையில் வீட்டில் இருந்தால் மதியச் சங்கு எனக்குக் கேட்கும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவேன். வெடி கேட்கும். அதன் பிறகு உன் வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் சட்டைத் தோள் கிழிந்து வந்தாய். சங்கு ஊதிய பிறகும் நீ பள்ளத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தாயாம். கூட இருந்தவர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாராம். ஏதோ வேடிக்கை போலச் சொன்னாய். நான் அன்றைக்குத் தட்டைத் தூக்கி எறிந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ரசம் சுவரெல்லாம் வழிந்தது. நீ துணி எடுத்துத் துடைத்தாய்.

டிவிடி வந்தபோது மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்துதான் என்றாலும், நிறுத்தி நிறுத்தி, செல்போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து நீ படித்துவிடுவாய். அந்த நாற்பது நொடிக்கு எழுத்தே வராது. என் பொய் அங்கே பல்லை இளிக்கும். வாசனை பார்க்கக் கொடுத்துவிட்டு, பிளேயர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, டிஸ்க்கை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா? நான் கடைக்குப் போன நாளில் சோறு வடிப்பது நீதானே.

உனக்கு லீவான ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது திரையில் திரிக்காரன் முகம் அப்படியே நின்றிருந்தது. நீ ரிமோட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாய்.

"எழுத்தே வரல பாப்பா. கதவு சாத்துற சத்தத்துக்குக்கூட எழுத்துப் போட்டுருக்கான். இங்க ஒன்னுமே இல்ல. நீ என்னத்தக் கேட்ட?"

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். மன்னிப்புக் கேட்டது உனக்குக் கேட்டிருக்காது. நீ என்னைத் திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாந்தான் அவன் உதட்டப் பாத்தேன்ல. பயமா இருக்குன்னு சொல்றான். சங்கு ஊதுனாங்களா, இல்லையான்னு தெரியல, தெனமும் பயமா இருக்குன்னு சொல்றான்."

அந்தப் படத்தில் சங்கே கிடையாது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பொய் பிடிபட்ட அவமானத்தில் இருந்தேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, "சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனாய். உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நட்டு, போல்ட்டு, நோட்டு, பேனா. கை துருதுருக்கிறது என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முழுசாக வீடு வந்து சேர்ந்தாய். போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து நம் வீட்டில்தான் போனாய். என் கை உன் கையில் இருந்தது. அதுவரைக்கும் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் நான் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன். நீயும் கூப்பிட்டதில்லை.

நேற்று எழுந்து போகவில்லை. முழுப் படத்தையும் தமிழில் பார்த்தேன். அந்த நாற்பது நொடி இப்போதும் ஊமைதான். படம் முடிந்ததும், எடுத்தவர்கள் பேசுகிற ஒரு பகுதி இருந்தது. அந்த உதட்டசைவைப் பற்றி எல்லா ரசிகர்களும் கேட்கிறார்களாம். குரல் கொடுத்தவரை மைக் முன்னால் நிறுத்தி, திரி எரிந்து முடியும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்களாம். அந்த அசைவைப் பார்த்துத்தான் உதட்டை வரைந்தார்களாம்.

எண்ணுகிறான் அண்ணே. தியேட்டரில் நீ கேட்டதுதான் சரி. ஒரு வெடிக்காரனுக்குத் தெரியாதா? டிவிடியில் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்தபோதும் உனக்குத் தெரிந்திருக்கும். பயமாக இருக்கிறது என்று அந்தப் படத்தில் யாருமே சொல்லவில்லை. நீதான் சொல்லியிருக்கிறாய். அத்தனை மாதமாக நீ பயந்துகொண்டு போனாய், நான் ஒரு வசனத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

இதை எழுதும்போது மதியச் சங்கு ஊதியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன். வெடி கேட்டது. பழக்கத்தில் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன்
பாப்பா