தெற்குப் பார்த்த தகடு

மாமி,

காலையிலிருந்து எங்கள் கூரையில் இரண்டு பேர் ஏறி நிற்கிறார்கள். வீட்டுக்குச் சூரியத் தகடு போட்டால் செலவில் ஒரு பங்கை இந்த ஆஸ்திரேலிய அரசாங்கமே தருகிறது. விண்ணப்பத்தில், தகடு எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்று ஒரு கேள்வி இருந்தது. இங்கே வடக்காம். பேனையைக் கையில் வைத்துக்கொண்டே உங்களை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

வெயிலைப் பிடிக்க அரசாங்கம் காசு கொடுக்கிறது என்றால் நீங்கள் நம்பியிருக்கவே மாட்டீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலம், நம் பண்டத்தரிப்பு வீட்டில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரவும் அரசாங்கத் தடை. என்னைக் கட்டிவிட்டு முன்னால் வந்த உங்கள் மகன் இங்கிருந்து பேசி அனுப்பிய கசெற் மூன்று கிழமையாக அலுமாரியில் கிடந்தது. ரேடியோவில் போட்டு, சைக்கிள் டைனமோவை மிதித்து ஓட்டிப் பார்த்தோம். வேகமாக மிதித்தால் அவர் கீச்சிட்டார், களைத்து மிதித்தால் கிழவனானார். "உது என்ரை பிள்ளையின்ரை குரல் இல்லை, நிப்பாட்டுங்கோ" என்று எழும்பிப் போய்விட்டீர்கள்.

குருநகரில் ஷெல் விழுந்து, நம் வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருந்த மீனவர் சூசை அண்ணைதான் ஒரு சூரியத் தகட்டைக் கொண்டுவந்தார். வள்ளத்தில் விளக்கெரிக்க வைத்திருந்தது. இரண்டு பள்ளிக்கூடக் கொப்பியை விரித்து வைத்த அளவுதான்.

"அம்மா, தெற்கை சரிச்சு வைச்சால்தான் பின்னேரம் வரைக்கும் வெயில் விழும்."

"தெற்கு யமன்ரை திசை. என்ரை பிள்ளை கதைக்கிறது அதுக்குள்ளாலை வரக்கூடாது. கிழக்கை வையுங்கோ."

சூசை அண்ணை வேதக்காரர், யமனை நம்பாத கிறிஸ்தவர். ஆனாலும் உங்களுக்காக முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காய்ந்த பாய்க்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்து வைத்தார். குண்டு போடும் பிளேன் சத்தம் கேட்டால், மினுக்கம் தெரியாமல் மூடுவதற்கு ஒரு சாக்கும் வைத்தார். ரேடியோவுக்கு வயர் பொருத்தி முடிய மத்தியானம் திரும்பிவிட்டது.

"அம்மா, சுகமாய் இருக்கிறியளோ?"

மிதிப்பார் இல்லை, பற்றரி இல்லை. தை மாத வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் மகனுடைய சொந்தக் குரல், அந்தச் செருமலோடு, முற்றத்தில் நின்றது. நீங்கள் தகட்டைத் தடவப் போனீர்கள். உங்கள் கை நிழல் விழுந்ததும் குரல் இறங்கியது. பதறிக் கையை எடுத்தீர்கள்.

"வெயில் கதைக்குது பிள்ளை" என்றீர்கள் மெதுவாக. அந்த வியப்பு எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

"அவளுக்கு விசா வந்திட்டுது அம்மா. உங்களுக்கு..."

குரல் இழுபட்டு நின்றுவிட்டது. சூரியன் மேற்கே சாய்ந்து, கிழக்குப் பார்த்த தகட்டில் வெயில் இல்லாமல் போயிருந்தது. நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா போனபிறகு அந்த வீட்டில் சொந்தமென்று உங்களுக்கு நான், எனக்கு நீங்கள், அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலமை கேப்பம் அம்மா" என்றார் சூசை அண்ணை.

நீங்கள் எழும்பினீர்கள். இரண்டு கையாலும் தகட்டைத் தூக்கினீர்கள். யாரிடமும் கேட்காமல், நீங்களே தெற்கைப் பார்த்து வைத்தீர்கள்.

"...தரமாட்டினமாம். அவளை மட்டும் அனுப்பிவிடுங்கோ."

கசெற் முடியும்வரை அசையாமல் கேட்டீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ரை சூட்கேஸ் எங்கை பிள்ளை?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுடன் நான் இருந்தது ஒரு மாதம்தான். இடப்பெயர்வில் நீங்கள் கண்மூடியதைக் கடிதத்தில் படித்தோம். உங்கள் மகன் அழுதார். நான் அழுததை அவருக்குக் காட்டவில்லை. கோபமும் இருந்தது மாமி. நாளைக்கு என்று நீங்கள் விட்டிருக்கலாம், ஒரு இரவாவது நாம் இரண்டு பேரும் அறியாமல் இருந்திருக்கலாம்.

போன கிழமை என் மகள் வேலைக்காக லண்டனுக்குப் போகப்போவதாகச் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். பேச்சை மாற்றியிருக்கலாம். பக்கத்துக் கதிரையை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"மிச்சத்தையும் சொல்லு" என்றேன்.