கருடன் இல்லாத தகடு

மழை பெய்தால் போதும், உங்கள் இருட்டறைச் சுவரிலிருந்து படம் கழுவுகிற ஹைப்போ வாடை கிளம்பிவிடுகிறது. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாயிற்று, சாம்பிராணி போட்டுப் பார்த்தாயிற்று. போகிற மனுஷர் வாடையையுமா வைத்துவிட்டுப் போவது? இன்று காலை அந்தக் கதவைத் திறந்துகொண்டு நின்றவள் நின்றபடியே இருந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து வீணாயிற்று. அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் சண்டை பாதியில் நிற்கிறது, நினைவிருக்கிறதா?

தெப்பக்குளத்துப் பக்கம் உங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களை எல்லாம் "அசையப்படாது, கண்ணைக் கொட்டப்படாது" என்று அதட்டுவீர்கள். நீங்களோ ஓரிடத்தில் இருந்தவரில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நம் கல்யாணப் படத்தை எடுத்தாவது பார்க்கலாம் என்றால், அதில் நான் மட்டும் தூண் மாதிரி நிற்கிறேன். படம் எடுத்தவருக்கு யோசனை சொல்லத் திரும்பினீர்களாம், உங்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருக்கிறது. அதற்குப் பிறகு யார் கேமராவுக்கு முன்னாலும் நீங்கள் நின்றதில்லை.

உட்கார்ந்த முகங்கள் அலுத்துத்தான் பறக்கிறவற்றின் பின்னால் போனீர்கள். மலைக்கோட்டைப் பாறையிலிருந்து கழுகு ஒன்று சிறகை விரித்துச் சரிகிற படத்தில் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வயல்வெளியில் ராஜாளியை எடுத்தீர்கள், பருந்துகளை எடுத்தீர்கள். கருடன் மட்டும் விழவே இல்லை. வெறும் ஆகாயம் விழும், இல்லாவிட்டால் கோபுரத்தின் ஒரு மூலை விழும்.

காரணம் எனக்குத் தெரியும். துணி உலர்த்துகிற சாக்கில் மாடியில் நின்று பார்த்திருக்கிறேன். கருடன் தலைக்கு மேலே வட்டமிட்டால் இந்த ஊரில் வண்டிக்காரன்கூடக் கயிற்றை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். நீங்களும் அப்படித்தான். கேமராவில் கருடன் நிறைந்து வரும், விசையை அழுத்த வேண்டிய நேரம் வரும், உங்கள் கைகள் இரண்டும் கன்னத்துக்குப் போய்விடும். கழுத்தில் வார் இருந்ததோ, கேமரா பிழைத்ததோ!

"ஏன்னா, அது வந்ததும் நீங்கோ கையை விட்டுடறேளே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு, நானா? ஷட்டர் மெதுவா விழறது. உனக்கு என்னடி தெரியும்?"

சத்தியமாகவே உங்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து பழகின கை, உங்களைக் கேட்டுக்கொண்டா போகும்?

பிறகு யுத்தம் வந்தது. சீமையிலிருந்து படம் விழுகிற கண்ணாடித் தகடு வருவது நின்று, ஸ்டூடியோ பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதே சமயத்தில் உங்கள் நெஞ்சும் படுத்த ஆரம்பித்தது. "ஆடாம அசையாம படுத்திருங்க. படி ஏறாதீங்க" என்றார் டாக்டர். ஊருக்கெல்லாம் நீங்கள் சொன்னதை உங்களுக்கு ஒருவர் சொல்லிவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு தகடு. படுத்தபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "கழுகு எத்தனை எடுத்து என்ன? ரங்கத்துல பொறந்துட்டு ஒரு கருடன் எடுக்கலையேடி." கடைசியில் உங்கள் கை விடுகிறது என்பதையும் ஒப்புக்கொண்டீர்கள். "உன் கை விடாது. நீ பிடிச்சா பிடிதான்" என்று கேமராவை என் கழுத்தில் மாட்டினீர்கள். தகடு போடாமல் காக்கைகளைப் பார்த்துப் பழகினேன். வலப்பக்கம் போகிற காக்கை உள்ளே இருக்கிற கண்ணாடியில் இடப்பக்கம் போகும். கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொள்கிறவளுக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. தூரத்துக்கு ஒரு திருகு, கிட்டத்துக்கு ஒரு திருகு என்பதையும் கற்றுக்கொண்டேன்.

கோடையில் கொள்ளிடம் வற்றிக் குட்டைகளாக நிற்கும்போது மீனுக்குக் கருடன் தாழ இறங்கும். குளிக்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வண்டி வைத்துக்கொண்டு விடியற்காலையில் போனோம். நீங்கள் மணலில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தும் நிலையில்லை. "வெயில் அந்தப் பக்கம். தள்ளி நில்லு. இப்ப வராது. இல்ல, வரும்." மணலைக் கையால் பறித்துக்கொண்டே இருந்தீர்கள்.

வந்தது. காலில் மீனோடு, நேரே என்னைப் பார்த்து, வெள்ளை மார்பும் செம்மண் நிறச் சிறகுமாகத் தாழ வந்தது. கண்ணாடி நிறைய வந்துவிட்டது. விசையில் விரல் வைத்துவிட்டேன். அப்போது பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். உங்கள் கால் ஆடவில்லை. கை ஆடவில்லை. வாய் லேசாகத் திறந்து, கண்ணில் நீர் கோத்து, முகம் அப்படியே நின்றிருந்தது. அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத முகம். கேமராவைத் திருப்பினேன். கிட்டத்துக்குத் திருகினேன். அழுத்தினேன்.

"எடுத்தியோ?"

"எடுத்தேன்."

அன்று சாயங்காலம், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நீங்களே இருட்டறைக்குள் போனீர்கள். நான் வெளியே நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்று, வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"கருடன் எங்கேடி?"

"அதைத்தானே படத்துல நீங்கோ பாத்துண்டிருக்கேள்."

நீங்கள் சிரிக்கவில்லை. தகட்டை விளக்குக்கு நேரே பிடித்தீர்கள். "கை தவறி எடுத்திருந்தா முகம் கலங்கியிருக்கும். ஒவ்வொரு மயிரும் தெரியறது. வேணும்னே திருகியிருக்கே. கடைசித் தகடுடி அது."

"கருடன் நாளைக்கும் வரும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வராதது எது என்று உங்களுக்கும் தெரியும். சொல்லியிருந்தால் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். "ஒரு கருடன் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தீர்கள். அதே முணுமுணுப்போடு ஆடி பிறப்பதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது சொல்கிறேன். எனக்குக் கருடன் வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் வேண்டியிருந்தீர்கள். தப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

யுத்தம் முடிந்து தகடுகள் மறுபடி வருகின்றன. ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டவர் நல்ல மாதிரி. "கேமரா சும்மா கிடக்கே, தகடு வேணும்னா கேளுங்கம்மா" என்கிறார். என் கை இன்னும் விடாது. எடுக்கலாம். ஆனால் கருடன் வட்டமிடும்போது தெருவே மேலே பார்க்கிறது, நான் மேலே பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு முகமாகத் தேடித் தீர்வதற்குள் அது கோபுரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. சேவிக்காமலே உள்ளே வந்துவிடுகிறேன். பெருமாள் கோபித்துக்கொண்டு ஏன் என்று கேட்டால், எங்காத்துக்காரர் அங்கே உம்மிடம்தானே இருக்கிறார், அவரைக் கேட்டுக்கொள்ளும் என்று சொல்லிவிடுவேன்.