கடைசிப் பேப்பர்

பட்டமளிப்பு விழாவில் தங்கப் பதக்கம் பெறப்போகும் மாணவர்களின் பட்டியலை இன்று காலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். விரிவுரையாளரான நான் அதில் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். முதல் பெயரையே தாண்ட முடியவில்லை; ஒருகாலம் அந்த இடத்தில் உன் பெயர் இருந்திருக்க வேண்டும். உனக்கு எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு புத்தளத்தில் ஒன்றாக பஸ் ஏறிப் பல்கலைக்கழகம் போனவர்கள் நாம். மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட உன் குடும்பம் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தபோது நீ பிறந்தாய். உன் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார். நான் பக்கத்து ஊரான எத்தாளையில் காணியும் வள்ளமும் உள்ள வீட்டுப் பிள்ளை. எல்லாப் பரீட்சையிலும் நீதான் முதலாவது. உன் குறிப்புகளைப் படித்தே நான் இரண்டாவதாக வந்தேன். "மெடல் கெடச்சா உம்மாட கழுத்துலதான் போடுவன். ஊர விட்டு வரக்குள்ள நகை எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு வந்தவ" என்பாய்.

கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் உனக்கு உடம்பு கொதித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாய்.

"ஒரு பேப்பர்தானே. எழுதிட்டுப் போவம்" என்றேன்.

உன் நன்மைக்குத்தான் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை; உன்னோடு வந்தால் என் படிப்பு ஓர் இரவு கெடும் என்றும் நினைத்தேன்.

மண்டபத்தில் பாதி நேரம்கூடப் போகவில்லை, கதிரையோடு சரிந்தாய். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைக் கடக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தாய். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. குனிந்து எழுதினேன்.

எழுதி முடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உன்னைப் பார்க்க விடவில்லை. டெங்கு என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியிலேயே நீ மௌத்தாகிவிட்டாய்.

பதக்கம் எனக்கு வந்தது. உன் பெயரை அன்று மேடையில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விழா முடிந்த கையோடு உன் வீட்டுக்குப் போனேன். பதக்கத்தைக் கொண்டுபோகத் துணிவில்லை. உன் உம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி மெதுவாகக் கேட்டார்: "மகள், அவ விழுந்த நேரம் நீங்க கூடப் போனீங்கதானே?"

"ஓம் உம்மா. கையப் புடிச்சிட்டே போனன்."

அவர் என் வலது கையை எடுத்துக் கொஞ்சினார்.

இப்போதும் பெருநாளைக்குப் போனால், வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "எண்ட புள்ளயத் தனிய விடாத புள்ள இவ." ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் போகிறேன். சொன்னால் என் பாரம் குறையலாம். ஆனால், நீ தனியாகப் போகவில்லை என்ற அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குகிறார். அதனால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருகிறேன்.