‘அரபி’ கன்னியப்பனுக்கு

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

மாசி பிறந்துவிட்டது. மரக்காணம் அளத்தில் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். உன் பாத்தியில் இப்போது வேறு ஆள் நிற்கிறான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பதை உன் தங்கை நேற்றுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

நினைவு நாளுக்கு பேனர் அடிக்க வேண்டும். உன் பெயரை எப்படிப் போடுவது என்பதில் வீட்டில் சண்டை. “அரபி கன்னியப்பன்னு போட்டாத்தான் ஊருக்குத் தெரியும்” என்றேன். உன் மகன் சேகர் எழுந்துவிட்டான்.

“வேணாம் மாமா. அப்பாவுக்குத் திக்குவாய்னு வெச்ச பேரு அது. செத்தப்புறமும் கிண்டலா?”

அவன் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்தில் உனக்கு வார்த்தை சிக்கும்போதெல்லாம், “டேய், என்னாடா அரபி பேசுற?” என்பார்கள். அளத்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் உன் கூடவே வந்தது. புரியாத பேச்சென்றால் நம் ஊருக்கு அது அரபிதான்.

செய்தி எழுதியே பழகியவன் நான். அந்தச் சொல்லை விசாரிக்காமல் விட மனம் வரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன்.

“பாலைவனத்துல, வெட்டவெளியில சுத்துன ஜனம்னு சில பேரு சொல்றாங்க. தெளிவா பேசுறதுங்கிற சொல்லுக்கும் அதே வேருதான். எது முந்தின்னு முடிவா சொல்ல முடியாதுங்க” என்றார். பேச்சு விளங்காத வெளியாட்களை அராபியர் ‘அஜம்’ என்றார்களாம். உன் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “யா அல்லாஹ்! உங்க ஊருல தலைகீழா வெச்சிட்டாங்களே சார்!”

வீட்டில் வந்து சொன்னேன். சேகர் அசையவில்லை. “கூப்பிட்டவங்களுக்கு இந்த அர்த்தம் தெரியுமா மாமா?”

உன் மகள் செல்விதான் பேசினாள்.

“டேய், புது ஆளு யாராச்சும் பேரு கேட்டா அப்பா என்னா பண்ணும், ஞாபகம் இருக்குதா? ‘க... க...’ன்னு திணறி கண்ணுல தண்ணி வந்துடும். அப்புறம் ‘அரபி’ன்னும். சட்டுனு வந்துடும். அப்பா வாயில திக்காம வந்த பேரு அது ஒண்ணுதான்டா.”

சேகர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, “பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க மாமா” என்றான்.

அந்தப் பெயரைச் சொல்லும்போது உனக்கு வலித்ததா மச்சான், இல்லை நிம்மதியாக இருந்ததா? நீயாக ஒருநாளும் சொன்னதில்லை.

இனி பேனரைப் பார்த்து யாராவது சிரித்தால், அவரை நிறுத்தி, ஒரு வார்த்தைக்கு நீ எடுத்துக்கொள்ளும் நேரத்தை நானும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரின் அர்த்தத்தைச் சொல்வேன்.

உன் தங்கையைக் கட்டிய
மச்சான்