யாருக்கு எந்தத் துணி

மார்ச் 4
பெரிய ஆஸ்பத்திரி குண்டில் இடிந்ததிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. வாசலில் நான். அடிபட்டு வருகிறவர்களை நர்ஸம்மா பார்த்து நிறம் சொல்வார், நான் மணிக்கட்டில் துணி கட்டுவேன். சிவப்பு என்றால் உடனே ஆபரேஷன் மேஜைக்கு. மஞ்சள் காத்திருக்கலாம். வெள்ளை பிழைக்க வழியில்லாதவர்களுக்கு. மரத்தடியில் கிடத்தி வலிக்கு ஊசி மட்டும். என் முடிச்சைப் பார்த்து டாக்டரம்மாவே அசந்துவிட்டார். அசந்த மாதிரிதான் இருந்தது. ஏழாங்கிளாஸோடு நின்றவனை நம்பித்தான் நாடே ஓடுகிறது என்று தங்கச்சியிடம் சொன்னேன். "நாடு ஓடட்டும்ண்ணே, நீ முதல்ல சாப்பிடு" என்றாள்.

மார்ச் 6
மருந்து லாரியை ஒற்றை ஆளாக இறக்கினேன். சரி, கூட இரண்டு பேர் இருந்தார்கள். சாப்பாடு உள்ளே போகிறது, ருசி தெரியவில்லை.

மார்ச் 7
கட்டினேன். கட்டினேன். வேறென்ன எழுத?

மார்ச் 9
ரொட்டிக்கு நின்ற வரிசையில் குண்டு. வண்டியிலிருந்து இறக்கியவர்களில் மச்சான் – தங்கச்சி புருஷன். நர்ஸம்மா அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, "வெள்ளைண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதற்குள் தங்கச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
"அண்ணே, அவருக்கு என்ன கலர்?"
கை சிவப்பை எடுத்தது. என் கைதான், வேறு யாருடையது?
"சிவப்பு. நான் கட்டினா டாக்டரம்மா மறுபேச்சு பேசமாட்டாங்க."
தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மார்ச் 10
மச்சான் மேஜையிலேயே போய்விட்டார். அவர் அங்கே கிடந்த நேரம் முழுக்க ஒரு பெண் சிவப்புத் துணியோடு வராந்தாவில் காத்திருந்தாள். அதையும் நான்தான் கட்டினேன். அவளும் போய்விட்டாள்.
டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் என்னென்ன பதில் கொடுத்தேன் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன். "வேற ஆள் இல்லண்ணே, நாளைக்கும் வாங்க" என்றார். அவ்வளவுதான்.
அழுகை வருமா என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. தங்கச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"உன்னாலதான்ண்ணே மேஜை வரைக்குமாவது போனாரு."
விடவேயில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 11
ஒரு பெரியவரை இறக்கினார்கள். நர்ஸம்மா வெள்ளை என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை கட்டினேன். கூட வந்த மகன் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார்.
சொன்னேன்.