தரையில் கிடக்கட்டும் அந்த முந்தானை

அக்கா,

உங்கள் பச்சைப் புடவை இன்று காலையில் திரும்பி வந்தது. பையைப் பிரித்ததும் வேறொருவர் தலையில் வைத்த மல்லிகை வாசமும் மண்டபத்தில் தெளிக்கிற பன்னீர் வாசமும் சேர்ந்து வந்தன. கடைப் பிள்ளைகள் யாரும் இன்னும் வரவில்லை. துணி வெட்டும் மேசைமேல் அதை விரித்துப் போட்டு முந்தானையைத் தடவிப் பார்த்தேன். கொக்குகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இந்தத் தடவை யார் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எல்லாம் அந்தச் சீனத்து சீரியல்களால் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, பம்பு கம்பெனிக் கணக்கு வேலையையும் விட்டுவிட்டு, பகல் பூராவும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அரண்மனைக்குள் நின்றுகொண்டு சீன மகாராணி சுத்தமான தமிழில் சபதம் போடுவாள். நான் கிண்டல் செய்வேன். நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டீர்கள். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் போன் தெரிந்துகொண்டது. கொஞ்ச நாளில் அந்த நடிகைகள் விருது விழாவுக்கும் திரைப்பட விழாவுக்கும் உடுத்திக்கொண்டு வருகிற படங்களைத் தானாகவே காட்ட ஆரம்பித்தது. தைபே, ஹாங்காங், ஷாங்காய், பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்று. எங்கே போனாலும் ஒரு சிவப்புக் கம்பளம், அதன்மேல் ஒருத்தி.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சாய்பாபா காலனியில் இருக்கும் என் கடைக்குச் சோற்று டப்பாவும் போனுமாக வந்துவிடுவீர்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அதைப் பற்றி உங்களுக்கு என்ன? "இத மட்டும் பாத்துரு கண்ணு" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவீர்கள். அவர்களின் பெயர்கள் உங்கள் வாயில் நிற்கவில்லை. அதனால் நீங்களே பெயர் வைத்தீர்கள். பாவாடையைக் குடைபோல விரித்துக்கொண்டு வருகிறவள் பந்தல்காரி. உங்கள் சித்தப்பா மகள் சாயலில் இருந்தவள் பொள்ளாச்சிக்காரி. நரைத்த முடியைச் சாயம் போடாமல் வாரிவிட்டு, வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக வந்தவளுக்கு டீச்சரம்மா. மழையில் ஒருமுறை குடைக்குக் கீழே நனைந்துகொண்டே வந்தாளே ஒருத்தி, அவளுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. பாவம், சளி பிடிக்கும் என்று அன்றைக்கு முழுக்க அங்கலாய்த்தீர்கள்.

நான் இத்தனை வருஷமாக 'சைனீஸ் காலர்' ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். எங்கிருந்து வந்த காலர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உடம்பை ஒட்டித் தைத்த அந்த நீள அங்கியைக் காட்டி, கழுத்துக்குப் பக்கத்தில் துணியையே முடிச்சுப் போட்டுப் பொத்தானாக வைத்திருப்பதைக் காட்டி, "பாரு, உன்ர காலருக்குச் சொந்த ஊரு இதான்" என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ஆனாலும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த முடிச்சுப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். வரவே இல்லை. பிறகு ஒருநாள் வந்தது.

உங்களுக்குப் பிடித்தது அந்த உடைகள் மட்டும் இல்லை. இரண்டு விஷயங்கள் உங்களை மயக்கி வைத்திருந்தன. ஒன்று, அந்த கவுன்களில் முக்கால்வாசி இரவல் என்பது. விழா முடிந்ததும் தைத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு, "அட, அவிங்களுக்கும் எரவல்தானா" என்று சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். இன்னொன்று, கருப்புச் சட்டை போட்ட ஒரு பெண். நடிகை நிற்பதற்கு முன்னால் ஓடி வருவாள், குனிவாள், பின்னால் தரையில் கிடக்கும் நீளத் துணியை விசிறிபோல விரித்துவிடுவாள், படத்தில் விழாமல் ஓடிவிடுவாள். நடிகையை விட்டுவிட்டு அவளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பீர்கள்.

அப்புறம்தான் நீங்கள் பெரியம்மணி என்று பெயர் வைத்தவள் வந்தாள். ஐம்பதைத் தாண்டினவள். கரும்பச்சைப் பட்டு, கழுத்து வரைக்கும் மூடின காலர், பின்னால் ஆற்றுத் தண்ணீர்போல ஓடுகிற நீளத் துணி, அதன் ஓரத்தில் தங்க நூலில் கொக்குகள். பக்கத்தில் புருஷனும் இல்லை, கூட நடித்தவனும் இல்லை. தனியாக வந்து, நடுவில் நின்று, மெதுவாகத் திரும்பி, முதலில் பார்த்தாள், பிறகுதான் சிரித்தாள். நீங்கள் அந்த வாரம் சோறு கொண்டுவரவில்லை. படத்தை மட்டும் கொண்டுவந்தீர்கள்.

உங்கள் மகள் நிவேதாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நம் பக்கம் இப்போதெல்லாம் வெள்ளைச் சேலை கட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் புருஷன் போனவளுக்கு எடுத்துக்கொடுக்கிற புடவை எல்லாம் எப்படியோ சாம்பல் நிறமாகவும் சந்தன நிறமாகவும் வந்துவிடுகிறது. சீர் செய்கிறபோது கூப்பிட மாட்டார்கள். மேடையில் படம் எடுக்கும்போது, "நீங்க அக்கட்டால நின்னுக்கங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். உங்கள் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் பெரிய தூணுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய நின்ற உங்கள் படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நீங்கள் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பயமாகத்தான் இருந்தது.

"முகூர்த்தத்துல ஓரமாவே நின்னுக்கறேன் கண்ணு, அதுல நான் சண்டைக்குப் போகல. பொழுதோட ரிசப்சனுக்கு வாசல்ல இருந்து மேடை வரைக்கும் செவப்புக் கம்பளம் போடறாங்க பாரு, அதுல நான் நடக்கோணும். நடந்து போய் எம்புள்ளைக்குப் பக்கத்துல நடுவுல நிக்கோணும்."

இந்த வயதில், இந்த முட்டி வலியோடு, ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இது என்ன கிறுக்கு என்று திட்டினேன். திட்டிக்கொண்டே இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள்.

ஒரே நிறத்தில் இரண்டு சாஃப்ட் சில்க் எடுத்து, ஒன்றை வெட்டி இன்னொன்றின் முந்தானையோடு சேர்த்து நீட்டினேன். ஜாக்கெட்டுக்கு அந்த முடிச்சுப் பொத்தான் வைத்த காலர். முந்தானை ஓரத்தில் ஆரி ஊசி வேலையில் கொக்கு. பெரியம்மணியின் கொக்கு மெலிந்து ஒயிலாக இருந்தது. என் கடைப் பிள்ளைகள் போட்டது சிங்காநல்லூர் குளத்துக் கொக்கு, மீனைத் தின்று கொழுத்தது. நீங்கள் அதுதான் வேண்டும் என்றீர்கள். நடக்கப் பழகினது இன்னொரு கூத்து. படுக்கை விரிப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் அபார்ட்மென்ட் வராந்தாவில் நடந்தீர்கள். பால்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, வழி விடுங்க என்று சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் யோசித்தோம், அக்கா. முட்டிக்குப் பட்டை, செருப்புக்குப் பிடிப்பு, யாராவது ஏதாவது சொன்னால் என்ன பதில் என்பது வரைக்கும். நம் ஜனங்களின் மரியாதையை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

அவிநாசி ரோட்டு மண்டபம். நீங்கள் அறையிலிருந்து வெளியே வந்து கம்பளத்தில் கால் வைத்தீர்கள். நாலடி போகவில்லை, உங்கள் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, "ஏனுங்க, முந்தானை தரையில பொரளுது" என்று எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் மெல்ல நழுவவிட்டீர்கள். அடுத்து உங்கள் மச்சாண்டார், வீட்டுக்காரருக்கு அண்ணன், அவ்வளவு பெரிய மனுஷர், குனிந்து எடுத்து, தூசி தட்டி, "பாத்து வாம்மிணி" என்று நீட்டினார். அப்புறம் கேமராக்காரர். உங்களைத் தடுக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பச்சை நிறத்தைப் பற்றிக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அந்தத் துணி அழுக்காகிவிடக் கூடாது என்கிற ஒரே கவலை.

கடைசியாக மேடையிலிருந்து இறங்கி வந்தார் உங்கள் சம்பந்தியம்மா, நிவேதாவின் மாமியார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்புப் பார்க்கிறவர், எந்த வேலையையும் பாதியில் விடாதவர். முந்தானையை வாரி எடுத்து, இரண்டு சுருட்டுச் சுருட்டி, உங்கள் இடுப்பில் இறுக்கிச் சொருகிவிட்டார். "இப்பச் செரியாப் போச்சுங்க, தடுக்காம நடக்கலாம்" என்றார். கொக்குகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. களை எடுக்கக் கிளம்பினவர்போல நின்றீர்கள்.

நீங்கள் சிரிக்கத்தான் செய்தீர்கள். ஆனால் கண் சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்தீர்கள், பிறகு ஓரத்தில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தீர்கள். அந்தப் பக்கமாக உங்கள் உடம்பு திரும்பியதை நான் ஜூஸ் கவுண்டரிலிருந்து பார்த்தேன். இப்போது உட்கார்ந்துவிட்டால் இனி எந்த மேடைக்கும் வர மாட்டீர்கள் என்று தெரிந்தது. டம்ளரை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. இது தரையில கெடக்கறதுக்குன்னே தெச்சதுங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டுச் சொருகலை உருவினேன். குனிந்து, கம்பளம் முழுக்க விரித்து, ஒவ்வொரு கொக்கையும் நிமிர்த்திவிட்டேன். "நடங்கக்கா" என்றேன். அப்படியே பின்னாலேயே ஒதுங்கிப் போனேன்.

நீங்கள் நடந்தீர்கள். கம்பளத்தில் நின்றிருந்தவர்கள் அந்தத் துணியை மிதித்துவிடக் கூடாதே என்று தாங்களாகவே விலகினார்கள். நடுவில் நின்றீர்கள், மெதுவாகத் திரும்பினீர்கள், முதலில் பார்த்தீர்கள், பிறகுதான் சிரித்தீர்கள். மேடையேறி நிவேதாவின் தோளோடு தோள் சேர்ந்து நின்றீர்கள். அக்கட்டால போங்க என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தின் மூலையில் என் முதுகும் பாதிக் கொண்டையும் விழுந்திருக்கின்றன. வெட்டிவிடலாம் என்று கேமராக்காரர் சொன்னதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கருப்புச் சட்டைக்காரி.

மறுநாள் காலையில் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டீர்கள். "இந்தா, எரவல் பொடவை. என்னாட்ட ஓரத்துல நிக்கறவங்க யாராச்சும் வந்தாக் குடு கண்ணு" என்று மேசைமேல் வைத்துவிட்டு, பந்தல்காரியின் புதுப் படத்தைக் காட்ட ஆரம்பித்தீர்கள்.

வந்தார்கள், அக்கா. யார் சொல்லித் தெரிந்துகொண்டார்களோ, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தொண்டாமுத்தூரில் காய்கறி போடுகிற ஒருத்தி, மகன் கல்யாணத்துக்கு. பீளமேட்டில் ஒரு மில்லுக்காரர் வீட்டம்மா, பேத்தி சீருக்கு. உங்களுக்கு நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதும் ஒருத்தி வந்தாள், சத்தியமங்கலத்திலிருந்து. எப்படி இருக்கிறாள், உயரமா, காலர் பொருந்துமா என்று மூச்சிரைக்க விசாரித்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்று காலையில் நிவேதா அழுது வீங்கின முகத்தோடு என்னிடம் வந்து, அந்தப் பச்சைப் புடவை எங்கே, அம்மாவுக்கு அதைத்தான் போர்த்த வேண்டும் என்றாள். சத்தியமங்கலம் போயிருக்கிறது, சாயங்காலம் ரிசப்ஷன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். இப்போதே வண்டி அனுப்பினால் மத்தியானத்துக்குள் வந்துவிடும், நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவள் உங்கள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க சித்தி. அவிங்க மொதல்ல நடந்து முடிக்கட்டும்" என்றாள்.

வேறொரு புடவையில்தான் உங்களை அனுப்பினோம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. உங்களைப் பெரியம்மணிபோல அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. நீங்கள் இருந்தால் திட்டியிருப்பீர்கள் என்பதும் தெரியும்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உங்கள் சம்பந்தி தவறிப்போனார், தோப்பிலேயே மாரடைப்பு. சின்ன மகனுக்குப் பேசி வைத்த கல்யாணத்தை வருஷம் கழித்து இப்போது வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் சம்பந்தியம்மா கடைக்கு வந்தார். நெற்றி வெறுமையாக, சாம்பல் நிறப் புடவையில். மழையைப் பற்றிப் பேசினார், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார், காபி ஆறிப்போகும் வரைக்கும் பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாஞ் சொருகி உட்டனுங்களே, அந்தப் பொடவை இருக்குதுங்களா?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று கிணத்துக்கடவு மண்டபத்துக்கு நானும் போனேன். எப்போதும் போவேன், உங்களை அனுப்பின அன்றைக்கு மட்டும்தான் போகவில்லை. கல்யாண வீட்டுக்குக் கருப்பு உடுத்தக் கூடாது என்பதால் கருநீலம்தான் கட்டுவேன், தூரத்திலிருந்து பார்த்தால் கருப்பு மாதிரியே இருக்கும். சம்பந்தியம்மா கம்பளத்தில் இறங்கினார். நான் குனிந்து விரித்துவிட்டு நிமிர்வதற்குள் அவர்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர், "ஐயோ, முந்தானை பாருங்க" என்று பதறி ஓடி வந்து குனிந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் சம்பந்தியம்மா திரும்பினார்.

"உடுங்கத்தே. அது தரையில கெடக்கட்டும்" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். மேடையில் மாமியாருக்காக நடுவில் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாள் நிவேதா. நான் படத்தில் விழாமல் ஓடிப்போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினேன்.

இன்று காலையில் கொக்குகளின் காலில் ஒட்டியிருந்த மண்டபத்துத் தூசியை ஈரத் துணியால் துடைத்தேன். ஒன்றின் அலகில் நூல் பிரிந்திருந்தது, தைத்துவிட்டேன். என் போனும் இப்போது உங்கள் போன்போலக் கெட்டுப்போய்விட்டது. கேட்காமலேயே பெரியம்மணியின் படத்தைக் காட்டுகிறது. இந்த வருஷம் வெள்ளை கட்டியிருக்கிறாள், அவ்வளவு நன்றாக இல்லை. புடவையை மடித்து, அடுத்தவள் கைக்கு எட்டுகிற பீரோத் தட்டில் வைத்திருக்கிறேன். அவள் எந்த ஊர்க்காரி என்று இன்னும் தெரியாது. எந்த ஊரானாலும் உங்கள் கருப்புச் சட்டைக்காரி கூடப் போவாள், அக்கா.