எள் எரித்த சனிக்கிழமைகள்

இணுவில்,
28.09.1986

அன்புள்ள அக்காவுக்கு,

வவுனியாவில் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கூடவோ? இங்கே ஐயா, அம்மா, ஆடு எல்லாரும் சுகம்.

போன சாதாரண தரச் சோதனையில் கணிதத்தில் நான் ஏன் பெயிலானேன் என்று இப்போதுதான் தெரிந்தது. அம்மா என் சாதகத்தைச் சாத்திரியாரிடம் காட்டியிருக்கிறா. ஏழரைச் சனி தொடங்கிவிட்டதாம், படிப்புத் தடைப்படுமாம். அதனால் இந்தப் புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கோவிலில் எள் எரிக்கிறேன். தம்பிராசா மாஸ்ரரின் கணித வகுப்பும் சனிக்கிழமைதான். அதை விட்டுவிட்டேன்.

டிசம்பர்ச் சோதனையையும் விட்டு, சனி விலகிய பிறகு எழுதலாம் என்பது என் எண்ணம். ஐயாதான் குதிக்கிறார். "கணிதம் இல்லாட்டி உயர்தர ஏ.எல். வகுப்பிலை ஆரடா உன்னைச் சேர்க்கிறது?" நீங்கள் சொன்னால் ஐயா கேட்பார். ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புத் தம்பி,
சண்முகநாதன்

*

வவுனியா,
07.10.1986

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

சனி பகவான் கணிதத்தில் மட்டும்தான் கை வைப்பாரா? அதே சோதனையில் சித்திரத்துக்கு உனக்கு ஆக உயர்ந்த அதிவிசேட சித்தி வந்ததே, அப்போது எங்கே போயிருந்தார்? சித்திர வகுப்புக்கு நீ கூப்பிடாமலே ஓடுவாய். கணிதப் புத்தகத்தை உறைகூடக் கசங்காமல் வைத்திருந்தாய். நான் பார்த்தேன்தானே.

எள் எரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எரித்துவிட்டு வகுப்புக்குப் போ. ஐயாவுக்கு நான் எழுதமாட்டேன். இந்த முறை விட்டால் நீ எப்போதுமே எழுதமாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது. நான் ஏ.எல். எழுதியபோது எந்தக் கிரகத்தையும் கேட்கவில்லை. படித்தேன், எழுதினேன்.

அக்கா,
மீனாம்பிகை

*

இணுவில்,
19.10.1986

அக்கா,

உங்களுக்குச் சொல்லுவது சுகம். கிரகம் நல்லாயிருந்தது, பாஸ் பண்ணிவிட்டீர்கள். நானும் போன வருடம் இருந்து படித்துப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. மாஸ்ரர் கரும்பலகைக்குக் கூப்பிட்டார், பிழைத்தேன், வகுப்புப் பெட்டையள் எல்லாரும் சிரித்தார்கள். உங்களைப் பார்த்து யாராவது அப்படிச் சிரித்திருக்கிறார்களா?

சோதனைக்கு நான் போகமாட்டேன். நீங்கள் இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

சண்முகநாதன்

*

இணுவில்,
09.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆனாலும் தபால்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் படலைக்கு ஓடினேன்.

முந்தநாள் அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் உங்களைக் குறை சொன்னேன். அக்காவுக்கு நல்ல கிரகம், அதுதான் பாஸ் பண்ணினவ என்றேன்.

"ஆருக்கு, கொக்காவுக்கோ?" என்றா அம்மா. "அவள் ஏ.எல். எடுக்கேக்கை ஜென்மச் சனி. உன்ரையிலும் பொல்லாதது. போன வருசம் கலியாணத்துக்குச் சாதகம் எடுக்கேக்கைதான் சாத்திரியார் சொன்னவர்."

"அப்ப ஏன் அவவுக்கு எள் எரிக்கேல்லை?"

"பொம்பிளைப் பிள்ளையின்ரை சோதினைக்கு ஆர் சாதகம் பாத்தது?"

சொன்ன பிறகு அம்மா திருவுவதை நிறுத்திவிட்டா.

அக்கா, உங்களுக்கு ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குப் பார்த்துச் சொன்னார்கள், நான் அதைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். உங்களுக்கு அப்படி எழுதியதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நேற்று வகுப்புக்குப் போனேன். மாஸ்ரர் ஒன்றும் கேட்காமல் கடைசி வாங்கில் இடம் காட்டினார். பிறகு கரும்பலகைக்கும் கூப்பிட்டார். இரண்டாம் வரியிலேயே பிழைத்தேன். சிரித்தார்கள். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

சோதனைக்குப் போகிறேன். இதுவரை சனியைச் சொல்லித் தப்பலாம் என்று ஒரு நிம்மதி இருந்தது. இனிப் பெயிலானால் அது நான்தான். சரியான பயமாக இருக்கிறது அக்கா. ஏசியென்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சண்முகநாதன்